ஒரு முறம் தவிடு

ஒரே ஒரு தடவைதான் பார்ப்பேன். அந்தப் பிடரியை, பூனைமயிர் சுழிந்து நிற்கிற அந்த இடத்தை மட்டும். அப்புறம் கொக்கி வைக்கிற வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். பார்த்தது எனக்கே தெரியாத மாதிரி பார்த்துவிட்டால் ஒன்றும் ஆகாது.

பொன்செல்வி மனசுக்குள் இப்படிச் சொல்லிக்கொண்டு, தையல் மிஷினின் மேல் குனிந்த தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பினாள். பாயில், பழைய வேட்டியின் மேல், இரண்டு மாதப் பெண் குழந்தை அவளுக்கு முதுகைக் காட்டி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு தடவை என்று நினைத்தது மூன்று தடவையாயிற்று. நான்காவது தடவை பார்க்கும்போது ஊசி ஜாக்கெட் கையில் கோணலாக ஓடிவிட்டது. பிரிக்க உட்கார்ந்தாள். பிரிக்கிற வேலைக்குக் கண் வேண்டும் என்பது நல்லதாகப் போயிற்று.

பிள்ளையைப் பெற்றவள் அவள்தான். ஆனால் பிள்ளை அவளுடையது இல்லை. அப்படித்தான் ஏற்பாடு.

ஆவணியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியபோது வாசல்படியில் வள்ளித்தாய் நின்றிருந்தாள். பொன்செல்வியின் கணவன் இசக்கித்துரைக்கு மூத்த அக்கா. தாய் தகப்பன் போனபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். கரிவலம்வந்தநல்லூரில் ஆடும் காடுமாகக் கிடக்கிறவள், அன்றைக்கு முதல் பஸ்ஸுக்கே சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு முறம். முறம் நிறையத் தவிடு.

"அங்கனயே நில்லு. பிள்ளைய எங்கிட்டத் தா."

"உள்ள வந்து தாரேன் மதினி. நிக்க முடியல."

"உள்ள வந்துட்டா ஒம் பிள்ளையாயிரும். வாசல்லயே வித்துட்டு வா."

பொன்செல்வி புருஷனைப் பார்த்தாள். இசக்கித்துரை ஆட்டோவிலிருந்து பையையும் பிளாஸ்க்கையும் இறக்குவதில் மும்முரமாக இருந்தான். இறக்க இரண்டே சாமான்தான் இருந்தது. அவன் நாலு தடவை இறக்கினான்.

"ஒனக்குத் தந்தேன்னு மூணு தடவை சொல்லு" என்றாள் வள்ளித்தாய்.

பொன்செல்வி சொன்னாள். முறத்தை வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தாள். தவிடு கனமே இல்லாமல் இருந்தது. பிள்ளை போன கையில் அந்த லேசான முறத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

அதற்கு முந்தினது ஆண் பிள்ளை. இருபத்துமூன்று நாள் இருந்தான். நெஞ்சில் ஓட்டை என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். வள்ளித்தாய் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள், கண்ணு பட்டுருச்சு என்றாள். யார் கண் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே பொன்செல்விக்குத் தெரியும். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, "எம் ராசா நெறத்தப் பாருங்க, வெரலப் பாருங்க" என்று காட்டியது அவள். அவன் படத்தை போனில் ஸ்டேட்டஸ் வைத்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சிரித்ததும் அவள். கடைசியில் அவனைச் சேலை முந்தியில் சுற்றி எடுத்துக்கொண்டு கரிசல்காட்டு ஓரத்துக்குப் போனது மட்டும் வள்ளித்தாய்.

ஒரு பிள்ளை போன வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். அப்போது அது ஒரு முறம் தவிடு பெறுமானமுள்ள பிள்ளை. யாரும் பொறாமைப்பட மாட்டார்கள், சாவும் திரும்பிப் பார்க்காது. பெற்றவள் பால் கொடுக்கலாம், குளிப்பாட்டலாம், வளர்க்கலாம். ஆனால் என் பிள்ளை என்று சொல்லக்கூடாது. வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது. புதுத் துணி போடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஆசையாகப் பார்க்கக்கூடாது. வருஷம் திரும்பியதும் ஒரு முறம் தவிடும் ஒரு சேலையும் கொடுத்து மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம்.

ஆவுடைச்செல்வி என்று பிறப்புச் சான்றிதழில் இருந்தது. வீட்டில் தவுட்டு.

தெருவே பவர்லூம் தெரு. அடுத்த வீட்டு பிரின்ஸ் ஆறு தறி போட்டிருந்தான். விடியற்காலத்தில் ஆரம்பித்தால் பொழுது அடைகிறவரை ஒரே சத்தம். அந்தச் சத்தத்தில்தான் பிள்ளை தூங்கியது. கரண்டு போய்த் தறி நின்றால் திடுக்கென்று முழித்து அழும். தெருவெல்லாம் அப்பாடா என்று காதைத் தேய்த்துக்கொள்ளும் நேரத்தில் தவுட்டு மட்டும், யாரோ தன்னிடமிருந்து எதையோ பிடுங்கிவிட்ட மாதிரி உதட்டைப் பிதுக்கும். பொன்செல்வி மிஷினில் உட்கார்ந்து வெறுமனே மிதிப்பாள். துணி இல்லாமல், நூல் இல்லாமல். பிள்ளை காதைக் கொடுத்துக் கேட்கும். இது அந்தச் சத்தம் இல்லை, ஆனாலும் போகட்டும் என்பதுபோல ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடும். இரண்டு மாதப் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுத்தது அந்தப் பெருமூச்சை? அந்தப் பெருந்தன்மையை? பொன்செல்வி மிதித்துக்கொண்டே இருப்பாள்.

ஜாக்கெட் தைக்கிறவள் அவள். தெருவில் முக்கால்வாசிப் பெண்களுக்கு டேப் வைக்காமலே அளவு சொல்வாள். வாசலில் ஒருத்தி வந்து நின்றால், தோள் இறங்கியிருக்கிறது, போன தீபாவளியைவிட இடுப்பு ஒரு இஞ்ச் கூடியிருக்கிறது என்று கண் சொல்லிவிடும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பார்க்காமல் இருப்பது எப்படி? குளிப்பாட்டும்போது காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகையில், போன வாரம் அவள் முட்டிக்கு மேலேயே நின்ற பிள்ளையின் குதிகால் இன்றைக்கு முட்டியைத் தொட்டது. அவள் அளந்தாளா? இல்லை. அதுவாகத் தெரிந்தது.

துணி விஷயத்திலும் ஒரு வழி கண்டுபிடித்தாள். மாதம் ஒருதரம் வள்ளித்தாய் மூன்று வீட்டில் கேட்டு வாங்கிய பழைய சட்டைகளைக் கொண்டுவந்து போடுவாள். சாயம் போனது, பட்டன் விட்டது, யாரோ ஒரு பிள்ளை உடுத்துச் சலித்தது. பொன்செல்வி அவற்றைத் தையல் தையலாகப் பிரிப்பாள். துவைத்து, நிழலில் உலர்த்தி, மறுபடியும் வெட்டி, பிள்ளையின் உடம்புக்குத் தைப்பாள். பழைய துணிதான், ஆனால் கழுத்து வளைவு அந்தக் கழுத்துக்கென்றே வளைந்திருக்கும். கக்கத்தில் ஒரு சுருக்கம் விழாது.

அடுத்த தடவை வந்தபோது வள்ளித்தாய் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு வீட்டுதுட்டி இது? அளவெடுத்தாப்புல இருக்கு?"

"நீங்க கொண்டாந்ததுதான் மதினி. அந்த மேலத்தெரு பிள்ளை சட்டை."

"அந்தப் பிள்ளை உண்டியல் கணக்கா இருக்கும். இவ ஈர்க்குச்சி. அதுக்குத் தச்சது இதுக்கு எப்பிடிச் சரியாப் போச்சு?"

"துவைச்சதுல சுருங்கிருக்கும்."

வள்ளித்தாய் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சட்டையின் உள்பக்கத் தையலை விரலால் தடவினாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததற்காகப் பொன்செல்விக்கு அவளைப் பிடித்தது. வள்ளித்தாயைப் பிடிக்காமல் போக அவளுக்கு வழியே இருந்ததில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இடுப்பில் பனங்கற்கண்டும் கருப்பட்டியும் முடிந்து கொண்டுவந்து, வந்ததும் சேலையை இழுத்துச் சொருகிப் பாத்திரம் தேய்க்க உட்காருகிறவளை யாருக்குத்தான் பிடிக்காது.

பாராட்டுக்கு ஜாய்லின் இருந்தாள். பிரின்ஸின் மனைவி, பள்ளிக்கூட டீச்சர். சாயங்காலம் வந்ததும் கைப்பையை வைக்காமல்கூட நேரே இங்கே வந்து பிள்ளையைத் தூக்குவாள்.

"எக்கா, என்ன அழகுக்கா இவ! கன்னத்தப் பாருங்க, கடிச்சிரலாம் போல இருக்கு!"

"ஆமா, தவுட்டு மூஞ்சி."

"நீங்க ஒருத்தர்தான்க்கா பெத்த பிள்ளைய இப்பிடிச் சொல்லுதீங்க."

"நான் பெக்கலல்லா. வாங்கினவங்க கரிவலத்துல இருக்காங்க."

"அவங்க குடுத்த தவுட எங்க வச்சிருக்கீங்க? எங்க கோழிக்காவது போட்டுருக்கலாம்." ஜாய்லின் சிரிப்பாள். "ஆண்டவர் குடுத்தத யாராவது தவுட்டுக்கு விப்பாங்களாக்கா?"

பொன்செல்வி வேறு வழியில் போவாள். ஒரு கொக்கியை நூலில் கோத்துக்கொண்டே, அக்கறையில்லாத குரலில், "காது கொஞ்சம் மடிஞ்சாப்புல இருக்கோ?" என்பாள்.

"மடிஞ்சிருக்கா? நல்லாப் பாருங்க. சங்கு மாதிரில்லா இருக்கு!"

"காலு வளைஞ்சிருக்கும் போல."

"எல்லாப் பிள்ளைக்கும் அப்பிடித்தான் இருக்கும். பாதத்தப் பாருங்க, பஞ்சு. வெரலு ஒவ்வொண்ணும் பட்டாணி."

பட்டாணி. அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு பொன்செல்வி இரண்டு நாள் ஓட்டுவாள். தன் வாயால் சொல்லக்கூடாததையெல்லாம் ஜாய்லின் வாயால் கேட்டு வாங்கிக்கொள்கிற இந்தத் திருட்டுத்தனம் அவளுக்கே சிரிப்பாக இருந்தது. சிரிக்கிறபோது கொஞ்சம் வெட்கமாகவும்.

ஆனால் ஜாய்லின் பார்க்காத ஒன்றையும் பொன்செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாய்லின் பார்த்தது அழகு. பொன்செல்விக்கு அது மட்டும் போதவில்லை. பிள்ளை ஒவ்வொன்றையும் எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் அவளை மலைக்க வைத்தது. தன் கையைத் தன் கை என்று தெரியாமல் அது முறைத்துப் பார்த்துக்கொண்டு கிடந்த அந்த நாள். ஒரு கை மெதுவாக உயரும், முகத்துக்கு நேரே வந்து நிற்கும், இது யாருடையது என்று புருவத்தைச் சுருக்கும். பிறகு மற்றக் கை எங்கிருந்தோ வந்து இதைப் பற்றிக்கொள்ளும். இரண்டும் ஒன்றை ஒன்று கண்டுகொண்ட அந்த நிமிஷத்தில் பிள்ளை அப்படியே உறைந்துபோயிற்று. பொன்செல்வியும் மிஷின் சக்கரத்தைப் பிடித்தபடி உறைந்துபோனாள்.

முதல் பிள்ளையை அவள் இப்படிப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவனைப் பார்க்கச் சொல்லி ஊரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இருபத்துமூன்று நாளும் அவன் முகத்தைவிட, அவனைப் பார்த்தவர்கள் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருந்தாள். அவன் எந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்துத் தூங்குவான் என்று இப்போது கேட்டால் அவளுக்குத் தெரியாது. மிஷின் முன்னால் உட்கார்ந்து அன்றைக்கு அதற்காக அழுதாள். பிள்ளை தன் கைகளோடு பேசிக்கொண்டிருந்தது.

குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, எல்லாம் நேரத்துக்கு நடந்தது. பொங்கல் கழிந்து பனி குறையும்போது தவழ ஆரம்பித்தது. முதலில் பின்னால்தான் போயிற்று. கண் முன்னால் இருக்கிற நூல்கண்டைப் பிடிக்க ஆசைப்பட்டு, முக்கி, முனகி, கையை ஊன்றித் தள்ளினால் உடம்பு பின்னால் நகர்ந்துவிடும். நூல்கண்டு தூரமாகிவிடும். பிள்ளைக்கு அந்த அநியாயம் விளங்கவில்லை. மூன்று நாள் அதனோடு சண்டை போட்டது. நான்காம் நாள் காலையில் நூல்கண்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு, பின்னால் நகர்ந்து நகர்ந்து போய், கையைப் பின்னால் விட்டு அதைத் தொட்டுவிட்டது. பொன்செல்விக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிள்ளை தரைக்கு வந்தபிறகு அவள் காந்தம் ஒன்றை நூலில் கட்டி வைத்துக்கொண்டாள். நாளுக்கு மூன்று தடவை தரையெங்கும் இழுப்பாள். ஊசி, குண்டூசி, உடைந்த கொக்கி எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். நூல்துண்டுகள் மட்டும் மிஞ்சும். அவற்றைப் பிள்ளை பார்த்துக்கொண்டது. முதலில் உள்ளங்கையால் அள்ளியது, எதுவும் வராது. பிறகு நாலு விரலால் கிள்ளியது. சித்திரை மாதம் ஒரு மத்தியானம், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் குவித்து, ஒரே ஒரு சிவப்பு நூல்துண்டை எடுத்துத் தூக்கியது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தது. பிறகு அதைப் பொன்செல்வியிடம் நீட்டியது.

ஊசியில் நூல் கோக்கிறவள் கை அப்படித்தான் இருக்கும். பொன்செல்வி உள்ளங்கையை விரித்து வாங்கிக்கொண்டாள். வாங்கியதை என்ன செய்ய என்று தெரியாமல் காதோரம் முடியில் செருகிக்கொண்டாள். அன்றைக்கு ஜாக்கெட் வாங்க வந்தவள், "தலையில நூலு" என்றாள். "தெரியும், இருக்கட்டும்" என்றாள் பொன்செல்வி.

வைகாசியில்தான் அந்தத் தப்பு நடந்தது.

ஒன்பதாம் மாத ஊசிக்குப் போக வேண்டும். தடுப்பூசி அட்டையைத் தேடினால், அது பிள்ளை கையில் இருந்தது. மேல்பாதி வாய்க்குள் போய்விட்டது. பேரெல்லாம் இருந்த பாதி. வள்ளித்தாய் அன்றைக்கு வந்திருந்தாள். அவளும் கூட வந்தாள். ஊசி போடுகிற இடத்தில் நர்ஸ் மிச்சமிருந்த அட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஊசி போடதுக்கு முன்னாடியே அட்டையத் தின்னுட்டாளா? தைரியசாலிதான்." புது அட்டை ஒன்றை எடுத்தார். "பிள்ளை பேரு?"

பொன்செல்வி சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். வள்ளித்தாய் பக்கத்தில் நின்றாள். பேரைச் சொல்லக்கூடாது. பழைய அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினாள், அங்கே கீழ் ஓரத்தில் பிள்ளை பேர் மட்டும் இன்னொரு தரம் எழுதியிருந்தது. நர்ஸ் பார்த்து எழுதினார்.

"தாய் பேரு?"

"வள்ளித்தாய்."

யோசிக்கவே இல்லை. தெருவில் கேட்டால், கடையில் கேட்டால், பஸ்ஸில் யாராவது கேட்டால், ஒன்பது மாதமாகச் சொல்லிப் பழகிய பதில். நர்ஸ் எழுதிவிட்டார். பிள்ளை ஊசிக்கு வீறிட்டது. வள்ளித்தாய் அதைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

வீட்டுக்கு வந்துதான் பொன்செல்வி அட்டையைப் படித்தாள். தாயின் பெயர் என்ற இடத்தில் நீல மையில் வள்ளித்தாய். இசக்கித்துரை பூமார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். அட்டையைப் பார்த்து வெடித்துச் சிரித்தான்.

"எக்காவுக்கு நாப்பத்தெட்டு வயசுல பிள்ளை! அத்தான் கேட்டா ஆட்ட விட்டுட்டு ஓடிரும்!"

வள்ளித்தாயும் சிரித்தாள். பொன்செல்வியும் சிரித்தாள். குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அட்டையை மறுபடி பார்த்தாள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும் என்று நினைத்திருந்தாள். மையால் எழுதினால் இருக்கும்.

அடுத்த புதன்கிழமை தனியாகப் போய் வரிசையில் நின்றாள்.

"என்னம்மா, போன வாரம்தான போட்டோம்?"

"அம்மா பேரு தப்பா இருக்கு."

"யாரு தப்பாச் சொன்னது?"

"நான்தான்."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "பெத்தவளுக்கே பேரு மறந்துபோச்சாக்கும்?"

"மறக்கல. சொல்லப் பயமா இருந்துச்சு."

நர்ஸ் பழைய பேரை அடித்துவிட்டு எழுதினார். பொன்செல்வி அந்த அட்டையைப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆனியில் பிள்ளைக்குப் பேச்சு வந்தது. பேச்சு என்று சொல்ல முடியாது. ஒரு சத்தம், அதை நாலு விதமாகச் சொல்லும். ஒருநாள் வள்ளித்தாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பொன்செல்வி பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு ஊசியில் கோத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மிஷின் காலைப் பிடித்து எழுந்து நின்று, அவளை அண்ணாந்து பார்த்து, தெளிவாக, "ம்மா" என்றது.

"ஏம்மா, என்னடா, அம்மா இங்கன இருக்கேன்லா!" என்றாள் வள்ளித்தாய், வெங்காயக் கையோடு ஓடிவந்து.

அவள் பறிக்க நினைத்துச் சொல்லவில்லை. பொன்செல்விக்கு அது நன்றாகத் தெரியும். யார் காதிலும் விழாமல் அந்தச் சத்தத்தை மூடி மறைக்கத்தான் ஓடிவந்தாள். பொன்செல்வியின் பல்லுக்கிடையில் நூல் இருந்தது. துப்பிவிட்டுப் பதில் சொல்வதற்குள் பிள்ளை வள்ளித்தாயின் தோளில் இருந்தது. அங்கிருந்து திரும்பிப் பொன்செல்வியையே பார்த்தது. கூப்பிட்டவளை விட்டுவிட்டு வேறு யாரோ வந்துவிட்டார்களே என்று.

அது முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஆடி பிறந்து, தபசுத் திருவிழாவுக்கு வெளியூர்க்கூட்டம் வந்து ஊரே நிரம்பிக் கிடந்தது. வீட்டில் பொன்செல்வியும் பிள்ளையும் மட்டும். பிள்ளை கட்டில் ஓரத்தைப் பிடித்து நின்றுகொண்டிருந்தது. தெருவில் ஒரு ஊதல் சத்தம் கேட்டது. அதைக் கேட்கத் திரும்பியபோது இரண்டு கையையும் விட்டுவிட்டது. விட்டது அதற்கே தெரியவில்லை. நடு வீட்டில், எதையும் பிடிக்காமல், இரண்டு காலில் நின்றது. லேசாக ஆடியது. கால்விரல்கள் தரையை இறுக்கிப் பிடித்தன. பட்டாணி விரல்கள். விழவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று பொன்செல்வி மூச்சைப் பிடித்து எண்ணினாள். ஏழு வரை எண்ணியதும் தாங்க முடியவில்லை.

"எம் பிள்ளை நின்னுட்டா!" என்று கத்திவிட்டாள். "எம் பிள்ளை! எந்தங்கம் நின்னுட்டா!"

தறிச் சத்தத்தைத் தாண்டி ஜாய்லின் ஓடிவந்தாள்.

மறுநாள் சாயங்காலம் பிள்ளைக்குக் காய்ச்சல். நெற்றி அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. சேதி கேட்டு வள்ளித்தாய் வந்தாள். கோயில் புத்துமண்ணை எடுத்துப் பிள்ளையின் நெற்றியிலும் நெஞ்சிலும் பூசினாள்.

"என்ன சொன்ன? உண்மையச் சொல்லு. ஏதாச்சும் வாய்விட்டுச் சொன்னியா?"

"சொன்னேன் மதினி."

வள்ளித்தாய் திட்டவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

டாக்டர் மருந்து எழுதினார். இந்த வயதில் வருவதுதான், மூன்று நாள் காயும், நாலாம் நாள் செம்புள்ளி வந்து தணிந்துவிடும் என்றார். மூன்று நாளும் பொன்செல்வி ஈரத்துணியை மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒளிந்து, ஓரக்கண்ணால், நாலு தடவை என்றெல்லாம் பார்க்க இப்போது நேரம் இல்லை. மூச்சு ஏறுகிறதா, இமை அசைகிறதா, உதடு உலர்ந்திருக்கிறதா. முழுக்கண்ணால் பார்த்தாள். பயத்தோடு பார்த்தாள், ஆசையோடு பார்த்தாள். எது எது என்று பிரிக்க முடியவில்லை. இடது பக்கம் தலையைச் சாய்த்துத்தான் இவள் தூங்குகிறாள். கெட்ட கனவு வந்தால் கீழுதடு மட்டும் துடிக்கிறது. காய்ச்சலிலும், மருந்துக் கரண்டியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிற சாமர்த்தியம் போகவில்லை. என் கண்ணில் விஷம் இருந்தால் இந்த மூன்று நாளில் இவள் இருந்திருக்க மாட்டாள் என்று நினைத்தாள். நினைத்தவுடன் பயந்தாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் முதுகெல்லாம் சிவப்புப் புள்ளி. உடம்பு குளிர்ந்திருந்தது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து, வள்ளித்தாயின் வளையலைப் பிடித்து இழுத்து, பசிக்கிறது என்று சண்டைக்கு வந்தது.

"பாத்தியா, எங் கைக்குத்தான் அடங்குச்சு" என்றாள் வள்ளித்தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது ஒங்கிட்டத் தங்குத பிள்ளை இல்லட்டி. எம் பேர்ல இருக்கதுனால பொழச்சுது."

பொன்செல்வி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரே காய்ச்சலை இரண்டு பேரும் இரண்டு விதமாகப் பார்த்திருந்தார்கள்.

வருஷம் திரும்பிய அன்று கரிவலத்துக்குப் போனார்கள். இசக்கித்துரை அரிசி ஆலையில் தவிடு வாங்கி லோடு ஆட்டோவில் வைத்திருந்தான். வள்ளித்தாய்க்குப் பச்சை நிறத்தில் ஒரு சேலை; அதற்கு ஜாக்கெட் பொன்செல்வியே தைத்திருந்தாள். வாசலில் வள்ளித்தாயின் புருஷன் செல்லப்பா ஆட்டைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. சட்டுனு முடிங்கம்மா. கிடா தவுட்டப் பாத்துட்டு நிக்கி. சாமி கும்பிடதுக்குள்ள அது கும்பிட்டுரும்."

பொன்செல்வி முறத்தில் தவிட்டை நிரப்பி, மேலே சேலையை வைத்து வள்ளித்தாயிடம் கொடுத்தாள். வள்ளித்தாய் வாங்கிக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்து, பொன்செல்வியின் கையில் வைத்தாள். ஒரு வருஷம் அவ்வளவுதான். பொன்செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அப்போது வள்ளித்தாய் உள்ளே போய் இன்னொரு முறத்தோடு வந்தாள். அதிலும் தவிடு.

"என்னக்கா இது?" என்றான் இசக்கித்துரை.

"நீ சும்மா இருலே." வள்ளித்தாய் பொன்செல்விக்கு முன்னால் வந்து நின்றாள். "நீ குடுத்தத நான் வாங்கிக்கிட்டேன். முறை முடிஞ்சுது. இப்ப இந்தக் கையோட மறுபடியும் எனக்குத் தந்துரு. இன்னும் ரெண்டு வருசம். பல்லெல்லாம் மொளைக்கட்டும், பேச்சு வரட்டும். போன மாசம் பாத்தேல்லா."

"பாத்தேன் மதினி."

"அப்ப தா. பிள்ளை ஒங்கிட்டத்தான் இருக்கப்போவுது. நான் என்ன தூக்கிட்டா ஓடப்போறேன்? சொல்லத்தான சொல்லுதேன்."

இசக்கித்துரை தலையைச் சொறிந்தான். "சொல்லிரேன் பொன்னு. வார்த்தைதான? எக்கா மனசு ஆறும்."

"எனக்குப் பயமா இருக்குட்டி" என்றாள் வள்ளித்தாய். குரல் இறங்கிவிட்டது. "இந்தக் கையிலதான் அவனைக் கொண்டுபோனேன். எடையே இல்ல. இன்னொரு தடவை என்னால முடியாது."

அந்தக் கையைப் பொன்செல்வி பார்த்தாள். ஆட்டுக்கயிறு அறுத்த தழும்பு, வெடித்த நகம். அவனைத் தான் தூக்கமாட்டேன் என்று அன்றைக்கு உள்ளேயே உட்கார்ந்துவிட்டது நினைவு வந்தது. இந்தக் கை கேட்டால் வேறு எதையும் கொடுக்கலாம். காலமெல்லாம் கூட வைத்துக் கஞ்சி ஊற்றலாம். அவளுக்கும் பயமில்லாமல் இல்லை. நெஞ்சு முழுவதும் இருந்தது. ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அது கொஞ்சம் குறையும் என்றும் தெரிந்தது. குறைந்தால், மறுபடியும் ஓரக்கண். மறுபடியும் யாரோ கேட்டால் வேறு பேர்.

பிள்ளை அவள் இடுப்பிலிருந்து சரிந்து, முறத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. பொன்செல்வி அதை நிமிர்த்தி மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"எனக்கும் பயம்தான் மதினி" என்றாள்.

"அப்பச் சொல்லு."

கிடா கயிற்றை இழுத்தது. செல்லப்பா அதை அதட்டினார். வள்ளித்தாய் முறத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

பொன்செல்வி கையை நீட்டவில்லை. "இல்ல மதினி" என்றாள் தாழ்ந்த குரலில். "சொல்லமாட்டேன்."